காயலில் நிற்கும் கெட்டுவள்ளத்தில் குடியேறப் போகிறோம், கழிவறைக்கு என்ன ஏற்பாடு செய்வது?

செங்கோட்டைவாசி

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் செங்கோட்டை. வேலை கொல்லத்தில், ஒரு முந்திரி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போய், மன்றோ துருத்துத் தீவுப் பக்கம் ஒரு பழைய கெட்டுவள்ளத்தை (பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கேரளப் படகு) விலை பேசி முடித்துவிட்டேன். நாற்பத்தைந்து அடி நீளம், ஆஞ்சிலி மரம், ஒரு காலத்தில் நெல் ஏற்றியது. பலகைகளைத் தைத்திருக்கும் கயிறும் அடிமரமும் உறுதியாக இருக்கின்றன என்று ஆசாரி தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். கரையில் ஐந்து சென்ட் இடமும் சில தென்னைகளும் சேர்ந்தே கிடைத்தன. வள்ளம் பெரும்பாலும் அந்தக் கரையிலேயே கட்டிக் கிடக்கும். விடுமுறை நாட்களில் மட்டும் காயலுக்குள் கொஞ்ச தூரம் ஓட்டிப் போக ஆசை.

நாங்கள் நான்கு பேர். மனைவி மருத்துவமனையில் செவிலியர். மகள் ஆறாம் வகுப்பு. அம்மாவுக்கு முட்டுவலி, குத்த வைத்து உட்கார முடியாது. சர்க்கரையும் இருப்பதால் இரவில் பல தடவை எழுந்திருப்பார்.

கூரை, சமையல் மேடை, சோலார் எல்லாம் முடிவாகிவிட்டன. கழிவறை மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால், "குழாயை நேரே காயலில் விடுங்க சாரே, தண்ணி ஏறி இறங்கும்போது கொண்டுபோயிடும்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாட்டி தினமும் கழுத்தளவு தண்ணீரில் நின்று காலால் துழாவிக் கக்கா எனப்படும் சிப்பியை வாருகிறார். அதை அவர் விற்கவும் செய்கிறார், வீட்டில் சமைக்கவும் செய்கிறார். அவர் நிற்கும் தண்ணீரில் எங்கள் கழிவை விட்டுவிட்டு நான் எப்படி நிம்மதியாகத் தூங்குவது?

விசாரித்ததில் நாலு வழி தெரிகிறது. பம்ப் வைத்த படகுக் கழிவறையும் அதற்கொரு சேமிப்புத் தொட்டியும். ஹவுஸ்போட்டுகளில் வைக்கிற பயோ டேங்க். கையில் தூக்கிப் போகிற சின்ன போர்ட்டபிள். அப்புறம் தண்ணீர் ஊற்றாமல் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிடிக்கிற உலர் கழிவறை. நாலுக்கும் யூட்யூபில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் எல்லோரும் காகிதத்தால் துடைக்கிறவர்கள். நம் வீட்டில் தண்ணீர் இல்லாமல் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குழித்துறை மெக்கானிக்

தம்பி, நமக்கு ஊர் குழித்துறை, பிழைப்பு ஆலப்புழையில். ஹவுஸ்போட்டுகளுக்கு இன்ஜின் வேலையும் குழாய் வேலையும் பார்க்கிறேன். எந்தக் கோப்பை, எந்த சீட் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நிறைந்ததை எங்கே கொண்டுபோய்க் காலி செய்வீர்கள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். ஆலப்புழையில் ஹவுஸ்போட்டுத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்க ஏற்பாடு உண்டு. உங்கள் கரைக்கு லாரி வருமா, குழாய் எட்டுமா என்று முதலில் விசாரியுங்கள். துருத்துக்குள் பல இடங்களில் பாதை ஓராள் அகலம்தான்.

அப்புறம் கணக்கு. வாளியில் மொண்டு ஊற்றுகிற முறை என்றால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று லிட்டர் போகும். நான்கு பேர், அம்மா இரவில் எழுந்திருப்பதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 300 லிட்டர் தொட்டி ஆறே நாளில் நிறைந்துவிடும். நிறைந்த தொட்டி 300 கிலோ. அதை ஒரு பக்கமாக வைத்தால் வள்ளம் சாயும். நடுவில், அடியோடு ஒட்டி, அசையாதபடி சட்டம் அடித்து வைக்க வேண்டும். வள்ளம் ஆடும்போது பாதி நிறைந்த தொட்டி உள்ளே அலம்பும், அதனால் தடுப்புப் பலகை உள்ள தொட்டியாகப் பாருங்கள்.

பம்ப் வைத்த படகுக் கழிவறை உங்கள் வள்ளத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அது காயலிலிருந்து தண்ணீர் இழுக்கும். இழுக்க அடியில் துளை போட வேண்டும். தைத்த வள்ளத்தில் தையலுக்குப் பக்கத்தில் துளை போடுவதை எந்த நல்ல ஆசாரியும் சம்மதிக்க மாட்டார். கோப்பை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இன்னொரு ஆபத்து: அந்தக் குழாயில் சைபன் விழுந்தால் ஆளில்லாத நேரத்தில் தண்ணீர் தானாகவே உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். உலகம் முழுக்கப் படகுகள் இப்படி மூழ்கியிருக்கின்றன. அதைத் தடுக்கத்தான் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து, உச்சியில் காற்று வால்வு வைப்பார்கள். ஏற்கெனவே அந்த மாதிரிக் கழிவறை வைத்திருப்பவர்கள் அந்த வளைவு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வள்ளத்தை விட்டு இறங்கும்போது அடி வால்வை மூடிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உங்கள் அஷ்டமுடிக் காயல் தண்ணீர் உப்பு கலந்தது. உப்புத் தண்ணீரையும் சிறுநீரையும் ஒரே குழாயில் விட்டால் உட்புறத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். நாளாக நாளாகத் துவாரம் சுருங்கும். உப்புத் தண்ணீரில் உள்ள சல்பேட்டைச் சில கிருமிகள் தின்று அழுகிய முட்டை வாடையைக் கிளப்பும். அந்த வாடைக்கு எவ்வளவு வாசனைத் திரவம் ஊற்றினாலும் பயன் இல்லை.

வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தொட்டியையே மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல நேரம் குற்றம் குழாயில் இருக்கும். மலிவான குழாய் சில காலத்தில் வாடையை உறிஞ்சி வெளியே விட ஆரம்பித்துவிடும். ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து குழாயின் மேல் சுற்றி வையுங்கள். ஆறியதும் எடுத்துக் கொஞ்சம் தள்ளிப்போய் மோந்து பாருங்கள். துணியில் வாடை இருந்தால் குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

பயோ டேங்க் பற்றி. இந்த முறைக் கிருமிகளை ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கியது. சியாச்சினில் பயன்படுத்தினார்கள், அப்புறம் ரயில் பெட்டிகளுக்கு வந்தது. காற்றில்லாத இடத்தில் கிருமிகள் மலத்தைக் கரைக்கும், மீதி தண்ணீராக வெளியே வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெளியே வருகிற தண்ணீர் சுத்தத் தண்ணீர் இல்லை. அதில் நைட்ரஜனும் இருக்கும், நோய்க்கிருமியும் மீதி இருக்கும். அதையும் காயலில் விடக்கூடாது. வீட்டு வழக்கப்படி ஃபினாயில், ஆசிட் என்று ஊற்றினால் உள்ளே இருக்கிற கிருமி செத்துவிடும். பிறகு அது வெறும் மலத்தொட்டி.

எந்தத் தொட்டி வைத்தாலும் ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அடைத்துக்கொண்டது என்று ஓர் ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்காதீர்கள். உள்ளே இருக்கிற விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றம் என்கிறது. மேலேயிருந்து கையும் கம்பியும் எட்டும்படி பெரிய மூடி வைத்த தொட்டியாகவே செய்யுங்கள்.

தூத்தூர் கடலோடி

அண்ணே, நாங்கள் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். வாரக்கணக்கில் போட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். போட்டில் பின்பக்கம் ஒரு மறைப்பு, கீழே கடல், அவ்வளவுதான் வசதி. அதைப் பார்த்துவிட்டு "கடல்காரர்களே அப்படித்தானே" என்று காயலிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். பெரிய கப்பல்களுக்கான மார்ப்போல் விதியில், சுத்தம் செய்யாத கழிவை நிலத்திலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் விடலாம். அரைத்துக் கிருமிநீக்கம் செய்ததற்கே 3 மைல் தள்ளிப் போக வேண்டும். அஷ்டமுடியில் எங்கே நின்றாலும் கரை கூப்பிடு தூரம். நீண்டகரை அழிமுகம் ஒன்றுதான் கடலுக்கு வாசல். இறங்குகிற தண்ணீர் முழுசும் வெளியே போவதற்குள் அடுத்த ஏற்றம் வந்து திருப்பித் தள்ளிவிடும். உங்கள் மனசு ஒப்பாதது சரிதான்.

போர்ட்டபிள் ஒன்று வாங்கி வையுங்கள், ஆனால் அதையே நம்பாதீர்கள். கீழ்ப்பெட்டி பெரிதாக இருந்தால்கூட 20 லிட்டர்தான் கொள்ளும். நான்கு பேர் தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தினால் ஒரு நாள் தாங்குவதே பெரிது. வெளியே ஓட்டிப் போகிற நாளுக்கும் விருந்தாளி வருகிற நாளுக்கும் உதவும்.

வள்ளத்து வீட்டுக்காரி

தம்பி, நான் பிறந்தது முசிறி. கல்யாணமாகி வந்தது கொல்லம். எங்கள் வீட்டுக்காரர் வள்ளம் கட்டுகிற குடும்பம். பிள்ளைகள் படிப்பு முடிந்து போனபின் நாங்கள் இருவரும் வள்ளத்திலேயே தங்கிவிட்டோம், மாமியாரும் கடைசி வரை எங்களோடு இங்கேதான் இருந்தார். உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். உங்களுக்குக் கரையில் ஐந்து சென்ட் இடமும் தென்னையும் இருக்கின்றன. அப்படியானால் நிறைந்ததைக் காலி செய்கிற இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. உலர் கழிவறைதான் உங்களுக்குச் சரி. நம் ஆட்களுக்கு இது ஒத்துவராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முசிறியில் 2000-களிலேயே ஸ்கோப் தொண்டு நிறுவனம் இதைத் தெருவில் கட்டிக் காட்டியது. பயன்படுத்துகிறவர்களுக்குக் காசு கொடுத்த கழிவறை என்று பேப்பரில் எல்லாம் வந்தது. அதை நடத்திய சுப்புராமன் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தக் கழிவறைப் பீடத்தில் மூன்று இடம் இருக்கும்: முன்னால் சிறுநீர் போகிற பள்ளம், நடுவில் மலத்துக்கான துளை, பின்னால் தள்ளி உட்கார்ந்து கழுவுகிற இடம். அந்த மூன்றாவது இடம்தான் விஷயம். வெளிநாட்டுப் பெட்டிகளில் அது இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு அது தேவையில்லை. நாம் அந்தப் பெட்டியை அப்படியே வாங்கிவந்து அதிலேயே கழுவினால் உள்ளே சேறாகி, நாலே நாளில் நாற்றம் எடுத்து, "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று தூக்கி எறிவோம்.

மலம் காய்ந்திருந்தால் நாறாது. சிறுநீரும் தண்ணீரும் சேரும்போதுதான் நாற்றம். இதை வீட்டில் எல்லோருக்கும் புரிய வைத்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்.

எங்கள் வள்ளத்தில் செய்திருப்பதைச் சொல்கிறேன். பின்பக்க அறையில் நாலடி நீளத்துக்கு மரைன் பிளைவுட்டில் ஒரு பெஞ்சு. உயரம் பதினெட்டு அங்குலம், அதாவது நாற்காலி உயரம். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட். முதல் சீட்டுக்குக் கீழே முன்பக்கம் ஃபைபரில் ஒரு பிரிப்பான், அது சிறுநீரைச் சரிவான குழாய் வழியாக 20 லிட்டர் கேனுக்குக் கொண்டுபோகும். பின்பக்கம் 20 லிட்டர் பெயின்ட் வாளி, அதுதான் மலத்துக்கு. இரண்டாவது சீட்டுக்குக் கீழே ஒரு புனல் வடிவ ஸ்டீல் தட்டு, அதன் குழாய் இன்னொரு கேனுக்குப் போகிறது. முதல் சீட்டில் காரியம் முடிந்ததும் எழுந்திருக்காமலே இரண்டாவது சீட்டுக்கு நகர்ந்து கழுவிக்கொள்ளலாம். சுவரில் இரண்டு சீட்டுக்கும் எதிராக ஒரே நீளமாக ஸ்டீல் கைப்பிடி அடித்திருக்கிறோம். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார், யார் கையையும் எதிர்பார்த்ததில்லை. உங்கள் அம்மாவுக்கும் இது ஒத்துவரும்.

கழுவ ஹெல்த் ஃபாசெட் வைக்காதீர்கள். தண்ணீர் அடிக்கிற வேகத்தில் தெறிக்கும், கேனும் சீக்கிரம் நிறையும். கைப்பிடி வைத்த அரை லிட்டர் குவளை போதும். ஒரு தடவைக்கு இரண்டு குவளைக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது.

மூடுவதற்குத் தேங்காய் நார்த்தூள். நாம் இருப்பதே கயிறு திரிக்கிற நாடு, நார்த்தூளுக்கு அலைய வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு கை நிறைய அள்ளி, ஒன்றும் கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவிட வேண்டும். சிறுநீர் மட்டும் என்றால் தூள் வேண்டாம். தூள் காய்ந்து பொலபொலவென்று இருக்க வேண்டும், ஈரத்தூளால் ஒரு பயனும் இல்லை. இடவப்பாதி மழை (ஜூன் மாதப் பருவமழை) தொடங்குமுன் நல்ல வெயிலில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, மூடி இறுக்கமான டிரம்மில் அடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வெளியிலிருந்து வாங்கினால் ஈரமாகத்தான் வரும். அடுப்புச் சாம்பல் கிடைத்தால் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள், ஈ அண்டாது.

ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நின்றுகொண்டு போனால் பாதி பின்பக்க வாளியில் விழும், அதோடு எல்லாம் கெட்டது. விருந்தாளிகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை. மகளிடம் நாப்கினை வாளியில் போடக்கூடாது என்று உங்கள் மனைவி சொல்லி வைக்கட்டும். அறையிலேயே அதற்கென்று மூடி போட்ட தனிப் பெட்டி இருந்தால் பிள்ளைக்குச் சிரமம் இராது.

காலி செய்வதற்கு வருவோம். ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் சிறுநீர். உங்கள் வீட்டில் நாலைந்து லிட்டர் வரும், அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் கூடவே இருக்கும். கேனை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், பலகை மேல் நடந்து கரையேறும்போது கை நடுங்கும். இரண்டு கேன் மாற்றி மாற்றி வைத்து, மூன்று நாளுக்கு ஒரு தடவை எடுத்தால் சுமை தெரியாது. சிறுநீரை ஐந்து பங்கு தண்ணீர் கலந்து தென்னைக்கும் வாழைக்கும் வேரைச் சுற்றிப் பள்ளம் பறித்து ஊற்றி மண்ணால் மூடிவிடுங்கள். இலைமேல் படக்கூடாது. ஒரே மரத்துக்கே திரும்பத் திரும்பக் கொடுக்காமல் முறை வைத்து ஊற்ற வேண்டும். கழுவின தண்ணீர்க் கேனைத் தனியாக ஒரு கல்வாழைப் பாத்திக்கு விடுகிறோம். அதில் மலக்கிருமி உண்டு, அதனால் பாத்தியைச் சுற்றி வேலி கட்டி, மேலே சருகு போட்டிருக்கிறோம். கிணற்றுக்கும் காயல் விளிம்புக்கும் எட்டத்தில் இருக்கட்டும்.

இந்த வேலையை நீங்களோ மனைவியோதான் செய்ய வேண்டும். கூலிக்கு ஆள் வைக்காதீர்கள். நம் கழிவை இன்னொருவர் தலையில் தூக்கி வைத்த பாவம் இந்த நாட்டில் போதும் போதும் என்று நடந்துவிட்டது. காய்ந்த வாளி என்பதால் உங்களால் முடியும், அருவருப்பும் சீக்கிரமே போய்விடும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் பெரிதாக எழுதி அறையில் ஒட்டுங்கள். பிளீச்சிங் பவுடரை இந்தக் கேன்களிலோ பிரிப்பானிலோ போடவே கூடாது. கேரளத்தில் எதற்கெடுத்தாலும் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சைப் பிடிக்கிற வாயு கிளம்பும், அடைத்த வள்ளத்து அறையில் அது பெரிய ஆபத்து. பிரிப்பானில் வெள்ளையாகப் படிந்தால் வினிகர் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் பிரஷால் தேய்த்தால் வந்துவிடும்.

செங்கோட்டைவாசி

அக்கா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. மனைவியும் கூட உட்கார்ந்து படித்தாள். இரண்டு சீட்டு பெஞ்சு எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மாவிடம் படம் வரைந்து காட்டினேன், "கைப்பிடி மட்டும் கெட்டியா இருக்கட்டும்" என்றார். மெக்கானிக் அண்ணாச்சி, துளை போடுகிற யோசனையை அடியோடு விட்டுவிட்டேன். தூத்தூர் தம்பி சொன்னபடி போர்ட்டபிள் ஒன்றும் வாங்கிக்கொள்கிறேன்.

மனைவி கேட்கச் சொன்னது: வாளியில் உள்ளதைக் கரையில் எங்கே, எவ்வளவு காலம் வைப்பது? குடற்புழு முட்டைகள் லேசில் சாகாது என்று அவளுக்குப் பயம். அதோடு மன்றோ துருத்தில் இப்போதெல்லாம் பெரிய ஏற்றத்துக்குத் தண்ணீர் முற்றத்தில் ஏறிவிடுகிறது. எங்கள் இடத்திலும் சில நாள் கணுக்கால் அளவு நிற்கும். குழி தோண்டினால் அன்றைக்கே தண்ணீர் ஊறிவிடும்.

அப்புறம் அறைக்குள் காற்று எப்படி என்று தெரியவில்லை. அம்மா படுக்கிற இடம் பக்கத்திலேயே வருகிறது.

குழித்துறை மெக்கானிக்

காற்றுக்கு நான் சொல்கிறேன். பெஞ்சுப் பெட்டியை மூட்டு மூட்டாக அடைத்து, வாளி இருக்கிற பாகத்திலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றை நேரே கூரைக்கு மேலே கொண்டுபோங்கள். குழாயில் வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதன் வாயில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஓடுகிற சின்ன 12 வோல்ட் விசிறியை, காற்றை வெளியே தள்ளுகிற பக்கமாகப் பொருத்துங்கள். ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான் இழுக்கும், இரவு பகல் ஓடினாலும் உங்கள் சோலார் பேட்டரிக்குச் சுமையே இல்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும்வரை அறைக் காற்று பெட்டிக்குள் போகுமே தவிர பெட்டிக் காற்று அறைக்குள் வராது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி சீட் விளிம்பில் பிடித்துப் பாருங்கள், புகை கீழ்நோக்கி இழுத்தால் சரியாக இருக்கிறது. குழாய் வாய்க்குக் கொசுவலையும் மழைத்தொப்பியும் மறக்காதீர்கள். உப்புக்காற்றில் அந்த விசிறி ரொம்ப நாள் நிற்காது, மலிவுதான், கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்க் குழாய் வழி முழுக்கச் சரிவு விடாமல் இருக்க வேண்டும். எங்காவது தொய்ந்தால் அங்கே தேங்கி நாறும். வாளி, கேன் எல்லாவற்றுக்கும் பட்டை போட்டுக் கட்டுங்கள். பெரிய படகு பக்கத்தில் போனால் வருகிற அலைக்கு வள்ளம் ஒரு ஆட்டம் ஆடும்.

இன்னொன்று, வள்ளத்தைக் குடியிருப்பாக மாற்றி இன்ஜினும் வைத்து ஓட்டுவதாக இருந்தால் துறைமுக அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள். 2021-இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் கழிவு பற்றியும் விதி உண்டு. வரைபடத்தில் கழிவு ஏற்பாட்டைக் குறித்துக் கொண்டுபோனால் ஆய்வுக்கு வருகிறவருக்கும் விளக்கச் சுலபம்.

வள்ளத்து வீட்டுக்காரி

உங்கள் மனைவியின் பயம் நியாயம்தான் தம்பி, செவிலியர் அல்லவா. குடற்புழு முட்டைதான் எல்லாவற்றிலும் கடைசியாகச் சாகும். அதனால் அவசரமே கூடாது. நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் புதிதாகச் சேர்க்காமல் மூடி வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் வெப்பமான இடங்களுக்கு அதைத்தான் சொல்கிறது. நாங்கள் அதற்கு மேலும் சில மாதம் விட்டுவிடுவோம்.

குழி உங்கள் இடத்துக்கு ஆகவே ஆகாது. தண்ணீர் ஏறுகிற மண்ணில் குழியில் போட்டதெல்லாம் காயலுக்கே திரும்பிவிடும். கிணற்றுக்கு இறக்குகிற சிமென்ட் உறை இரண்டு ஜோடி வாங்குங்கள். முதலில் வெட்டுக்கல் அடுக்கி மேடை. நீங்கள் பார்த்த அதிகபட்சத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடியாவது மேடை உயர வேண்டும். மேடைமேல் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் உறைகளை நிறுத்தி மூட்டுகளைப் பூசிவிட்டால் இரண்டு தொட்டி ஆச்சு. தளத்தைக் கொஞ்சம் சரித்து வடிகிற நீருக்கு ஒரு குழாய் வைத்து, அதைக் கேனில் பிடித்துக் கல்வாழைக்கே கொடுங்கள். ஒரு தொட்டியில் ஒரு வருடம் போட்டுக்கொண்டே வர வேண்டும். நிறைந்ததும் மூடி, தேதி எழுதிவிட்டு, அடுத்ததில் ஆரம்பிக்கலாம். இரண்டாவது நிறையும்போது முதலாவது திறக்கத் தயாராக இருக்கும். நான்கு பேருக்கு உறை மூன்றடி விட்டமாவது இருக்கட்டும். சீக்கிரம் நிறைகிறது என்று தெரிந்தால் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிற காலத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

வாளி வாரத்துக்கு ஒரு தடவை நிறையும். கொட்டினதும் மேலே ஒரு அங்குலம் நார்த்தூள், கொஞ்சம் காய்ந்த சருகு. வாளியைக் காயல் தண்ணீரில் அலசாதீர்கள். அடியில் முதலிலேயே இரண்டு கை நார்த்தூள் போட்டுத் தொடங்கினால் ஒட்டாது. மீறி ஒட்டினால் ஒரு குவளைத் தண்ணீரில் கழுவி அதைக் கல்வாழைப் பாத்தியில் ஊற்றுங்கள், வாளியை வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மாற்று வாளி ஒன்று கையில் இருப்பது நல்லது.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் தூள் தாராளமாகப் போட்டு, அந்த வாளியை முழுசாக நிறையும்வரை காத்திராமல் அன்றன்றே கரைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்த நாட்களில் கையுறை கட்டாயம். மற்ற நாட்களில் சோப்பும் தண்ணீரும் போதும், ஆனால் அதை ஒருநாளும் விடக்கூடாது.

திறந்து பார்க்கும்போது காட்டு மண் வாசனையோடு கறுப்பாகப் பொடிப்பொடியாக இருக்கும். தென்னை, வாழை, மாமரம் இவற்றுக்கு மட்டும் வேரில் போட்டு மண்ணால் மூடுங்கள். கீரை, தக்காளி, கிழங்கு எதற்கும் வேண்டாம். உங்கள் வீட்டுச் சிறுநீரை உங்கள் வீட்டு மரத்துக்கே கொடுப்பதற்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால் நிறுத்திவிட்டால் போதும்.

அம்மாவுக்கு இரவில் ஒரு வசதி செய்யலாம். முதல் சீட்டுக்கு எதிரே தரையில் மங்கலான ஒரு எல்இடி விளக்கு எப்போதும் எரியட்டும். பெஞ்சுக்கும் படுக்கைக்கும் நடுவில் படி, தடுக்கு எதுவும் வராதபடி ஆசாரியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் அடிபட்டால் ஆறாது.

உறை வார்க்கிறவரிடம் பேசும்போது மூடியை இரண்டு துண்டாக, ஒவ்வொன்றிலும் இரும்புக் கைப்பிடி வைத்து வார்க்கச் சொல்லுங்கள். ஒரே துண்டாக இருந்தால் வாராவாரம் தூக்கிவைக்க ஒரு ஆளால் முடியாது. கல்வாழைக் கிழங்கு எங்கள் பாத்தியிலேயே நிறைய இருக்கிறது. மேடை கட்டி முடித்ததும் சொல்லுங்கள், தோண்டித் தருகிறேன்.